நாய் குரைக்கிறது என்று வீட்டுக்கு வந்து சொல்பவர்

கொழும்பில் நாய் வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் அயல்வீட்டார் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. "எங்கள் நாய் குரைக்கிறதாம், வந்து சண்டை பிடிக்கிறார்கள்" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் உடனே அவர் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். முறையிட்டவர் ஈவிரக்கம் இல்லாதவர், வாயில்லாப் பிராணியின்மீது வன்மம் கொண்டவர் என்ற முடிவுக்கும் வந்துவிடுவார்கள். நானும் இரண்டு நாய்கள் வளர்ப்பவள்தான். நாய்களின் பக்கம் நிற்பவள் என்ற முறையில்தான் சொல்கிறேன்: வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்த்து, "உங்கள் நாயால் எனக்கு நித்திரை இல்லை" என்று சொல்லும் அயலவர் அந்த நாய்க்குப் பெரிய பாதுகாப்பு. அவரைப் பகைத்துக்கொண்டால் அதன் விலையை நாய்தான் கொடுக்க நேரும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. முற்றமும் மரங்களும் உள்ள தனி வீடுகளாக இருந்த ஒழுங்கை இது. இன்று எஞ்சியிருக்கும் தனி வீடுகள் சில மட்டுமே. மற்ற வளவுகளில் எல்லாம் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. இருபுறமும் உயர்ந்த சுவர்கள் நிற்கும்போது கீழே ஒரு நாய் குரைத்தால் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி ஐந்தாம் மாடிவரை ஏறும். குளிரூட்டி இல்லாத வீடுகளில் கடற்காற்றுக்காக யன்னல்களைத் திறந்துவைத்துத்தான் படுப்பார்கள். எங்கள் முற்றத்தில் நாய் குரைப்பது எங்களுக்குக் கேட்பதைவிட அவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

"கடற்கரை ரயில் போகும் சத்தத்தில் நித்திரை கொள்பவர்களுக்கு நாய் குரைப்பது மட்டும் பெரிதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதுதான். ரயில் வருகிறது, போகிறது, அதோடு அந்தச் சத்தம் முடிந்துவிடுகிறது. மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. குரைப்பு எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நின்ற பிறகும் மறுபடி தொடங்குமோ என்று காது காத்திருக்கும். பெரிய நாயொன்றின் குரைப்பை அருகில் நின்று அளந்தால் 90 டெசிபலைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட இரவுநேர ஒலி வழிகாட்டி, வீட்டுக்கு வெளியே சராசரி ஒலி 40 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்கிறது. காலி வீதிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த 40 கிடைக்கப்போவதில்லை. ஆனால் வாகனத்தோடும் ரயிலோடும் சமாதானம் செய்துகொண்ட ஒருவர் நாயோடு மட்டும் சமாதானமாக முடியாமல் இருந்தால், அதற்கு அவருடைய மனத்தைப் பழிசொல்ல வேண்டியதில்லை. காது அப்படித்தான் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டில் வீமன், சீனி என்று இரண்டு பேர். வீமன் ஜேர்மன் ஷெப்பேர்ட் கலப்பு. பத்து வயதைக் கடந்துவிட்டான். சீனி, கடலோர வீதியான மரைன் டிரைவில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த தெருக்குட்டி. வெள்ளை உடம்பும் ஒரு பழுப்புக் காதும். பக்கத்துத் தொடர்மாடியில் முதலாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்.

ரீச்சர் ஒரு மாலை நேரத்தில் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார். நாய்களைக் கட்டிவிட்டு அவரை உள்ளே அழைத்தேன். வரவில்லை. "பிள்ளை, குறை நினைக்கக் கூடாது. இரவில் உங்கள் நாய்கள் குரைத்தால் எழும்பிவிடுகிறேன். எழும்பினால் பிறகு விடியும்வரை நித்திரை வருவதில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"எந்த நேரத்தில் குரைக்கின்றன, ரீச்சர்?" என்று கேட்டேன்.

முறைப்பாட்டோடு ஒருவர் வரும்போது கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். "நாய் என்றால் குரைக்கத்தானே செய்யும்" என்ற பதில் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும். "இனிமேல் குரைக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்பது காப்பாற்ற முடியாத வாக்கு. நேரத்தைக் கேட்டால், அவர் சொல்வதை நம்புகிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிடும். அத்தோடு, நமக்குத் தெரிய வேண்டிய விஷயம் அவரிடம்தான் இருக்கிறது. நாம் நித்திரையில் இருக்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் நம் நாய் என்ன செய்கிறது என்பதற்கு அவர்தான் சாட்சி.

ரீச்சர் திரும்பிப் போய் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்தில் சிவப்புப் பேனையால் கோடு கிழித்து, திகதி போட்டு, ஒவ்வொரு இரவும் குரைப்புக் கேட்ட நேரத்தை எழுதியிருந்தார். "2.10 – நீண்ட நேரம். 2.35 – மறுபடியும். 5.20 – பாண் வண்டி. பகல் 8.15 – ஊளை." கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து. குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்தக் கொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் விரித்துவைத்தேன். நாய்களின் அன்றாடமே அதில் இருந்தது.

முதலில் கண்ணில் பட்டது அதிகாலை இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட நேரம். பெரும்பாலான இரவுகளில் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் நீண்ட குரைப்பு இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு முன்விறாந்தையில் இருந்து பார்த்தேன். இரண்டு மணி தாண்டியதும் பின்மதிலின்மேல் ஒரு மரநாய் வந்தது. உடம்பளவு நீண்ட வாலைத் தாழ்த்தி, மதிலில் பதித்திருந்த போத்தல் கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே அடிபார்த்து வைத்து நடந்து, எங்கள் ஜம்பு மரத்துக்குத் தாவியது. கிளையில் இருந்தபடி பழத்தைக் கடித்தது. பாதிப்பழம் கீழே விழுந்தது. வீமன் முன்கால்களை மரத்தில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்கக் குரைத்தான். சீனி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். மரநாய் இரண்டு பேரையும் பொருட்படுத்தவே இல்லை. வயிறு நிரம்பியதும் வந்த வழியே போய், இன்னுமொரு பழத்துக்காகத் திரும்பியும் வந்தது. கொப்பியில் 2.35 என்று எழுதியிருந்தது இந்த இரண்டாவது வருகையைத்தான்.

கொழும்பில் ஓட்டுக்கூரை உள்ள வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு மரநாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சீலிங்குக்கு மேலே குட்டி போட்டு, இரவெல்லாம் ஓடித் திரியும். அதைத் துரத்துவதில் எனக்கு விருப்பமில்லை. நகரத்தில் இன்னமும் ஒரு காட்டுயிர் பழம் தின்று வாழ்கிறது என்பது சந்தோஷமான விஷயம். ஆகவே மரநாயை விட்டுவிட்டு நாய்களின் இடத்தை மாற்றினோம். ஜம்பு காய்க்கும் காலத்தில் பழங்களை மாலையிலேயே பறித்து ஒழுங்கையில் பகிர்ந்து கொடுக்கிறோம். முற்றத்தில் படுத்த இரண்டு பேரும் இப்போது வீட்டுக்குள் படுக்கிறார்கள்.

வீட்டுக்குள் விடுவதற்கு அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. சாமியறை இருக்கும் வீடு, மயிர் கொட்டும், துடக்கு என்றெல்லாம் சொன்னார். நம் ஆட்களுடைய பல வீடுகளில் இதுதான் நிலை. நாய் காவலுக்கு, அதன் இடம் வெளியே. ஆனால் இரவு முழுவதும் வெளியில் விட்ட நாய் இரவு முழுவதும் வேலையில் இருக்கிறது. பூனை, எலி, கடைசி ஓட்டோவில் வந்து இறங்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்று எல்லாவற்றையும் அது அறிவித்தே ஆக வேண்டும். வைரவருக்கு வடைமாலை சாத்தி வளர்ந்தவர் அம்மா. "வைரவரின் வாகனம்தானே அம்மா, சாமியறைக்குள் போகாமல் பார்த்தால் போதாதா?" என்று கேட்டபோது யோசித்தார். சாமியறை வாசலுக்கு ஒரு மரத்தடுப்பு, பின்அறையில் பழைய சாக்கு விரிப்பு, ஒரு மின்விசிறி என்ற ஏற்பாட்டில் உடன்பாடு வந்தது. மின்விசிறிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதன் இரைச்சல் வெளியிலிருந்து வரும் சின்னச் சத்தங்களை மறைத்துவிடுகிறது.

காலை 5.20க்கு வரும் பாண் வண்டியை மாற்ற முடியாது. பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்ததும் சீனி தலையை உயர்த்தி ஊளையிடத் தொடங்குவாள். அதற்கு முன்பே எழுந்து இரண்டு பேரையும் மரைன் டிரைவுக்குக் கூட்டிச்செல்வதுதான் வழி. வெயில் ஏறுவதற்கு முன்னர் நடப்பது நாய்க்கும் நல்லது. நடப்பதைவிட மோப்பம் பிடிக்க விடுவது முக்கியம். ஒவ்வொரு தூணிலும் புல்லிலும் நின்று நிதானமாக மணந்து பார்த்துவிட்டு வரும் நாய், வேகமாக இழுத்துச் சென்று திரும்பிக் கொண்டுவந்த நாயைவிட நன்றாக ஓய்வெடுக்கும்.

கொப்பியில் "பகல் 8.15 – ஊளை" என்று இருந்ததுதான் என்னை மிகவும் உலுக்கியது. நான் அலுவலகத்துக்குப் புறப்படும் நேரம் எட்டு மணி. பழைய கைபேசியொன்றில் ஒலிப்பதிவைப் போட்டு யன்னலடியில் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் கேட்டேன். கேற் பூட்டும் சத்தம். அமைதி. பிறகு சீனியின் குரல். ஒரே அளவான இடைவெளியில், ஒற்றை ஒற்றையாக, உச்சக் குரலில் குரைப்பு. முடிவில் அது ஊளையாக நீண்டது.

நாய்களோடு பழகியவர்கள் குரலைக் கேட்டே வித்தியாசம் சொல்வார்கள். யாரோ வருகிறார்கள் என்று எச்சரிக்கும் குரைப்பு தடித்தது, அடுக்கடுக்காக வருவது. தனிமையில் குரைப்பது மெலிந்த உச்சக் குரலில், இடைவெளி விட்டு வருவது. முன்னதற்குக் கண்ணை மறைக்க வேண்டும். கேற்றின் கம்பிகளுக்குப் பின்னால் தகடு அடித்து, கீழிருந்த இடைவெளியையும் அடைத்ததும் வீமனின் பகல்நேரக் குரைப்பு வெகுவாகக் குறைந்தது. தெருவில் போகிறவர்களின் கால்கள் அவனுக்கு இப்போது தெரிவதில்லை. தனிமைக் குரைப்புக்குத் தகடு உதவாது. அது பயம். பயத்தை அதட்டி நிறுத்த முடியாது.

சீனிக்காகப் புறப்படும் சடங்கையே பிரித்து எடுத்தோம். சாவியைக் கையில் எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவது. செருப்பைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றுவது. கேற்றைத் திறந்து வெளியே போய், அவள் குரல் எழுப்புவதற்குள் திரும்பி வருவது. அந்த நேரத்தை மெல்ல மெல்ல நீட்டுவது. புறப்படும்போது அவளுக்கென்று ஒரு தேங்காய் மட்டையில் அவித்த கோழித் துண்டுகளைச் செருகிக் கொடுப்போம். தும்பை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை பிடிக்கும் வேலைதான். ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

குறுக்குவழி என்று விற்கப்படுபவை நிறைய இருக்கின்றன. குரைத்தால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டி, மனிதருக்குக் கேட்காத அதியொலி எழுப்பும் பெட்டி. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ்வரை கேட்கும். நாய்க்கு 45,000 அளவிலும் கேட்கும். பெட்டியில் இருந்து நமக்கு எதுவும் கேட்காது, நாய்க்கு அது காதைத் துளைக்கும். தனிமைக்குப் பயந்து அழும் ஒரு பிராணிக்கு, அழுத குற்றத்துக்காக வலியைக் கொடுப்பது கொடுமை. குரல் நாணை அறுவைச் சிகிச்சையால் அகற்றுவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அயலவர் வற்புறுத்தினாலும் இவற்றுக்கு உடன்படக் கூடாது. அவருக்கு வேண்டியது நித்திரை. நாயின் வேதனை அவருக்கு எந்த நிம்மதியையும் தரப்போவதில்லை.

வீட்டுக்குள்ளிருந்தபடி "வாயை மூடு!" என்று கத்துவதும் பலனற்றது. தன்னோடு சேர்ந்து வீட்டாரும் குரைக்கிறார்கள் என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும். எழுந்து போய், அது பார்ப்பதை நாமும் பார்த்து, தாழ்ந்த குரலில் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி அங்கிருந்து கூப்பிட வேண்டும். வந்து அமைதியாக நின்றால் ஏதாவது கொடுக்க வேண்டும். கவனத்தை ஈர்ப்பதற்காகக் குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விடும் முறையைப் பின்பற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குரைப்பு குறைவதற்கு முன்னர் சில நாட்கள் கூடும். இதுவரை பலித்த உபாயம் பலிக்கவில்லை என்றதும் நாய் இன்னும் உரக்க முயன்று பார்க்கும். இதை அயலவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரீச்சரிடம் சொன்னேன். "வகுப்பிலும் அப்படித்தான் பிள்ளை" என்றார்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று ரீச்சர் தேநீர் தந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு குரைப்பு என்பதை நான் வேறு காதால் கேட்கிறேன்.

ரீச்சர் யாழ்ப்பாணத்து வலிகாமத்துப் பெண். போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாத இரவுகளில், ஊரடங்கு நேரத்தில் வெளியே என்ன நடக்கிறது என்பதை அறிவதற்கு அவர்களுக்கு இருந்தது நாய்களின் குரல் மட்டும்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்களாம். முதலில் சந்திப் பக்கத்து நாய். பிறகு வாசிகசாலைக்கு அருகே உள்ள வீட்டு நாய். அடுத்து எந்த நாய் குரைக்கிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பார்கள். கிணற்றடி ஒழுங்கை நாய் குரைத்தால் வருகிறவர்கள் விலகிப் போகிறார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் நெருங்கிவிட்டார்கள். யார் வருகிறார்கள், எந்தத் தரப்பு, யாரைத் தேடி என்பது தெரியாது. அந்த வீட்டில் அப்போது இளம் வயதில் இரண்டு தம்பிமார் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்த இரவில் ரீச்சர் குடும்பமும் நடந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு வந்த நாயைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. "கொஞ்சத் தூரம் கூட வந்தது" என்றார்.

பிறகு கொழும்பு. இங்கும் இரவில் கதவு தட்டப்பட்ட காலம் இருந்தது. 2007 ஜூன் மாதத்தில் ஓர் அதிகாலையில், விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பிப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அந்த அதிகாலையை அறிந்தவர்களுக்கு இரவுச் சத்தம் எதுவும் சாதாரணமான சத்தமாக மாறிவிடவில்லை. "குரைத்தால் எழும்பிவிடுகிறேன்" என்று ரீச்சர் சொன்னபோது அதற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது. எழும்பியதும் அவருடைய காது அடுத்த நாயைத் தேடுகிறது. தேடத் தொடங்கினால் நித்திரை எங்கிருந்து வரும்?

இந்த நகரத்தில் நம் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், எதைக் கடந்து வந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. இரவுப் பணி முடிந்து பகலில் படுக்கும் தாதியாக இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம். கைக்குழந்தையோடு போராடும் தாயாக இருக்கலாம். காரணம் சொன்னால்தான் முறைப்பாட்டை ஏற்போம் என்றும் இருந்துவிட முடியாது. ரீச்சர் காரணம் சொல்வதற்கு முன்னரே நாய்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. வரவேண்டியது அப்படித்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். நகரத்தில் வளர்க்கும் நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்திலிருந்து இருக்கிறது. விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்க வேண்டும். பிரச்சினை என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது இவை இரண்டும்தான். குரைப்பால் பாதிக்கப்பட்டவர் பொலிஸில் முறையிடலாம். இத்தகைய அயல் தகராறுகள் பெரும்பாலும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகும். மூன்று மத்தியஸ்தர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. அக்கம்பக்கத்தாருக்கு உண்மையில் உதவக்கூடிய ஏற்பாடு இது. பொதுத்தொல்லை என்ற அளவுக்குப் போனால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளை பிறப்பிக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் தனிப்பட்ட தொல்லை வழக்கும் போடலாம். ஆனால் ஒரே மதிலைப் பகிர்ந்துகொள்பவர்கள் நீதிமன்றப் படிக்கட்டில் சந்தித்துக்கொண்ட பிறகு, தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது கடினம்.

தொடர்மாடியில் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே வீட்டு உரிமையாளர்கள் அங்கம் வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் விதிகள் உண்டு. வாடகைக்குப் போகும் முன்னரே அவற்றைக் கேட்டு வாசிக்க வேண்டும். பல்கனியில் நாயை விட்டுவிட்டு வேலைக்குப் போவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். வெயிலும் உயரமும் தனிமையும் சேர்ந்து, நாய்க்கு அது தண்டனைக்கூடம்.

முறையிடாத அயலவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த இன்னொரு ஒழுங்கையில் மிக நல்ல நாயொன்று இருந்தது. இரவில் குரைக்கும். யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டாரும் எல்லோருக்கும் சம்மதம் என்று நினைத்திருந்தார்கள். ஒரு காலையில் மதிலுக்கு உட்புறம் நஞ்சு கலந்த இறைச்சித் துண்டு கிடந்தது. கால்கள் விறைத்து, வாயில் நுரை தள்ளி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகும் வழியிலேயே அது இறந்துவிட்டது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. மிருகவதைக்கு எதிரான நம் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதற்குப் பதிலாகப் புதிய மிருகநலச் சட்டம் வேண்டும் என்று ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்தே கேட்கிறேன். ஆனால் எந்தச் சட்டமும் நள்ளிரவில் மதிலுக்கு மேலால் வரும் கையைப் பிடிக்காது. அந்தக் கை நீளாமல் இருப்பதற்கு ஒரே வழி, கோபம் மனதில் புளித்துப்போவதற்கு முன்னர் வந்து சொல்லக்கூடிய வாசல் ஒன்று திறந்திருப்பது. அதனால்தான் வந்து சொல்பவரை மதிக்க வேண்டும் என்கிறேன்.

ஒழுங்கை நாய்களின் கணக்கும் நம் தலையில் விழுவதுண்டு. ரீச்சரின் கொப்பியிலும் எங்கள் நாய்கள் வீட்டுக்குள் படுக்கத் தொடங்கிய பின்னர் எழுதப்பட்ட சில நேரங்கள் இருந்தன. ஒழுங்கையின் கடற்பக்க முனையில் திரியும் மூன்று நாய்களுக்கு நாங்களும் எதிர்வீட்டு சில்வா அங்கிள் குடும்பமும் சோறு வைக்கிறோம். ஆகவே அவற்றின் பொறுப்பும் எங்களுடையதுதான். 2006ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது கொள்கை. பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது விட்டுவிட்டாலும் பயனில்லை. காலியான இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடும், எல்லை பிரிப்பதற்காக இன்னும் கூடுதலாகச் சண்டை பிடிக்கும். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுவதுதான் சரி. பெண்நாய் பருவத்துக்கு வரும் நாட்களில் இரவு முழுவதும் நடக்கும் அமளி அதனால் இல்லாமல் போகும். சில்வா அங்கிள் ஓட்டோ பிடித்தார், நான் நாய்களைப் பிடித்தேன். இரண்டு பெண்நாய்களின் காதிலும் இப்போது அடையாள வெட்டு இருக்கிறது. சோறு வைக்கும் நேரத்தையும் மாலை ஆறு மணிக்கு முன்னால் மாற்றிவிட்டோம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீமனுக்கு வயதாகிறது. முதுமையில் சில நாய்களுக்கு இரவு பகல் குழம்பிவிடும். சில இரவுகளில் எழுந்து, சுவரைப் பார்த்தபடி காரணமில்லாமல் குரைக்கிறான். கால்நடை வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை கொடுத்திருக்கிறார். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும் என்றும் சொன்னார். இதை ரீச்சர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் நானே போய்ச் சொன்னேன். குரைப்புக் கேட்டால் எந்த நேரமானாலும் கைபேசியில் அழைக்கலாம் என்றேன். முதல்முறை அழைத்தபோது, "வீமன்தானே பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். குரைப்பது யார், ஏன் என்று தெரிந்தால் திரும்பப் படுத்துவிட முடிகிறது என்று அடுத்த நாள் சொன்னார்.

பக்கத்து வளவில் பழைய வீட்டை உடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே இன்னொரு தொடர்மாடி வரப்போகிறது. அத்திவாரம் போடும் மாதங்களில் பகலில் நாய்கள் நிலைகொள்ளாமல் இருக்கும். டிசம்பர் 31 இரவு வெடிச்சத்தமும் வரும். இரண்டையும் பற்றி ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்குச் சொல்லிவைத்து, என் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன். எட்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு மட்டும் இன்னமும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். தானும் கூட வருவதாக ரீச்சர் சொல்லியிருக்கிறார்.